பிரகதாம்பாள் உட்காரும் காட்சி

திருவரங்குளத்தில் ரெங்கராஜ் வீடு எது என்று கேட்டால், "எந்த ரெங்கராஜ்?" என்பார்கள். சவுண்ட் சர்வீஸ் ரெங்கராஜ் என்று சொல்லிப் பாருங்கள். "ஓ, அந்த அரைகுறையா? மாடியில கம்பி நீட்டிக்கிட்டு நிக்கும் பாருங்க, அதுதான்" என்று கை காட்டிவிடுவார்கள்.

பாவம், அப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் அவனும் அந்தப் பெயரைச் சும்மா வாங்கிவிடவில்லை. பாலிடெக்னிக்கில் சேர்ந்தான், கடைசி வருஷப் பரீட்சைக்குப் போகவில்லை. குவைத்துக்குப் போனான், போன வேகத்தில் திரும்பி வந்து, "வெயிலு ஒத்துக்கல" என்றான். புதுக்கோட்டை வெயிலில் பிறந்து வளர்ந்தவன் இதைச் சொன்னால் யாராவது நம்புவார்களா! வீட்டுக்கு மாடி எடுக்க ஆரம்பித்தான்; தூண் எழும்பியது, சுவர் எழும்பவில்லை. அந்தக் கம்பிகளில் கொடி கட்டி அவன் மனைவி பிரகதாம்பாள் துணி காயப்போடுகிறாள். மைக்செட்டும் சீரியல் லைட்டும் வாடகைக்கு விடுகிற தொழில் ஒன்றுதான் நிலைத்தது. அதற்கும் காரணம் உண்டு. திருவிழா தானாகவே முடிந்துவிடும், இவன் முடித்துவைக்க வேண்டியதில்லை.

மற்றபடி தங்கமான மனுஷன். எதைத் தொட்டாலும் ஆரம்பிக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவான். அந்த முகத்தைப் பார்த்துத்தான் பிரகதாம்பாள் ஒவ்வொரு தடவையும் ஏமாந்தாள்.

இப்படிப்பட்டவனுக்கு நாற்பது தாண்டிய வயதில் குறும்பட ஆசை வந்தது. கொளுத்திப் போட்டது மகள் சத்யா. கல்லூரியில் படிக்கிறவள். திருச்சியில் ஒரு திரைப்பட மன்றம் போட்டி வைத்திருக்கிறது, பத்து நிமிஷத்துக்குள் படம் இருக்க வேண்டும், தை மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று போனில் வந்ததைச் சாப்பிடும்போது வாசித்துக் காட்டினாள். "யார் வேணாலும்னா நானுமா?" என்று கேட்டான் ரெங்கராஜ். கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அந்தக் கல்யாண மாப்பிள்ளை முகம் வந்துவிட்டதைப் பார்த்துப் பிரகதாம்பாள், "போச்சுடா" என்றாள்.

முதலில் பேய்க் கதை யோசித்தான். அதை அவன் ஒரே ஒரு ஆளிடம் சொல்லப்போய் ஊருக்கெல்லாம் தெரிந்துபோனது தனிக் கூத்து. ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஸ்பீக்கர் குழாய் கட்டிக்கொண்டிருந்தான். கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிற முத்துராஜ், அவன் சிநேகிதன், பக்கத்தில் நின்றான். அவனிடம் கதை சொல்கிற மும்முரத்தில் மைக் ஆன் ஆகியிருந்ததை ரெங்கராஜ் கவனிக்கவில்லை. சித்தன்னவாசலில் ஓவியம் பார்க்கப் போன காலேஜ் பையனைக் குகைக்குள்ளிருந்து பேய் துரத்துகிற கதை நாலு குழாய் வழியாக ஊர் பூராவும் போனது. மறுநாள் டீக்கடையில் ஒருத்தர்கூட அவனை விடவில்லை. "ஏம்ப்பா, அங்கதான் சாயங்காலமே பூட்டிட்டுப் போயிருவாங்களே, ஒன் பேய் பகல் ட்யூட்டியா?" என்றார் ஒருவர். "பேய்க்கும் டிக்கெட் உண்டா?" என்றார் இன்னொருவர். பேய் அன்றைக்கே செத்தது.

பிறகு ஒரு விவசாயி கதை. அதில் மூன்று தலைமுறை, இரண்டு கல்யாணம், ஒரு கோர்ட் வழக்கு. சத்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா, பத்து நிமிசம்தாம்ப்பா! இதுல கோர்ட்டுல வாய்தா வாங்கவே பத்து நிமிசம் ஆயிரும்."

சரி, கதை வரும்போது வரட்டும், முதலில் தொழிலைக் கற்றுக்கொள்வோம் என்று ரெங்கராஜ் போனும் கையுமாக உட்கார்ந்தான். எட்ட நின்று எடுத்தால் இடம் தெரியும், கிட்டப் போனால் மனசு தெரியும் என்று ஒருவர் யூடியூபில் சொன்னார். இரண்டு பேர் பேசினால் நடுவில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள், கேமரா அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் இடம் வலமாகிப் பார்க்கிறவன் குழம்பிப்போவான் என்று இன்னொருவர் சொன்னார். நினைத்துக்கொள்வதெல்லாம் ரெங்கராஜுக்கு ஆகாது. வாசலில் நிஜமாகவே ஒரு வயரை இழுத்துக் கட்டி, "மாப்ள, இதத் தாண்டி அங்கிட்டுப் போன, காலை ஒடிச்சிருவேன்" என்று முத்துராஜை மிரட்டினான். பால்காரர்தான் தடுக்கி விழுந்தார்.

இன்னொரு பாடமும் கேட்டான். நல்ல படம் என்றால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் புரிய வேண்டுமாம். காலம் முழுக்கச் சத்தத்தை வாடகைக்கு விட்டவனுக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. அதிலிருந்து எந்தப் படம் பார்த்தாலும் சத்தத்தை நிறுத்திவிட்டே பார்த்தான். படத்தோடு நின்றானா? காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தெருவையும் பார்க்க ஆரம்பித்தான். "ஒங்கப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சு" என்றாள் பிரகதாம்பாள்.

அப்படி ஒரு சாயங்காலம் பஞ்சும் காதுமாக அவன் உட்கார்ந்திருந்தபோதுதான் பிரகதாம்பாள் வேலை முடிந்து வந்தாள். புதுக்கோட்டையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிஜமாகவே நிற்கிறாள். உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்து, கடையில் ஸ்டூலும் வந்தது. அதன்மேல் துணிப்பைக் கட்டுகளை அடுக்கிவிட்டார்கள். பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றே வந்தவள், பையை ஆணியில் மாட்டிவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள். நின்றபடியே டீ குடித்தாள். நின்றபடியே சத்யாவைத் திட்டினாள். என்ன திட்டினாள் என்பது பஞ்சைத் தாண்டி வரவில்லை. வெங்காயம் நறுக்கினாள், தண்ணீர் பிடித்தாள், பாத்திரம் கழுவினாள். எல்லாம் ஆன பிறகு பின்வாசல் படியில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். முட்டிக்கும் கீழே விழுகிற முடி அவளுக்கு. அதைத் தோளுக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் பெண்டாட்டி நாள் முழுக்க உட்காருவதே இல்லை என்பது ரெங்கராஜுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. கதையும் கிடைத்துவிட்டது.

"பிரகதா, நீ நடிக்கிறியா?"

"நானா? கருமம். போங்க அங்கிட்டு."

"ஒண்ணும் பேச வேணாம். நிக்கணும், அவ்வளவுதான். கடைசில உட்காரணும்."

"நான் நிக்கிறதுக்குப் பேரு நடிப்பா? அப்படிப் பாத்தா எங்க கடையில எல்லாரும் நடிகைதான்" என்றாள். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை, அவளுடைய வார லீவன்று, நல்ல சேலையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அதைக் கழற்றிப் பழைய சேலையைக் கட்ட வைப்பதற்குள் ரெங்கராஜுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

முதல் நாள் எடுத்ததைப் பார்த்தால் சிரிப்பாணி தாங்காது. கையில் இருக்கிற போகஸ் லைட் அத்தனையையும் அடுப்படிக்குள் கொண்டுபோய் எரியவிட்டிருந்தான். "மாப்ள, இது அடுப்படியா, சாமி புறப்பாடா?" என்றான் முத்துராஜ். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஜன்னல் வெளிச்சமும் ஒரு குண்டு பல்பும் போதும் என்று தெரிந்தது. விளக்கை அணைக்கவும் ஒரு படிப்பு வேண்டியிருக்கிறதே என்று ரெங்கராஜ் ஆச்சரியப்பட்டான்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. செவ்வாய் தவறாமல் மழை. ஜெனரேட்டருக்குள் தண்ணீர் போய் அது வேறு படுத்துவிட்டது. பஸ் காட்சி நின்றது, தெருக் காட்சி நின்றது. முத்துராஜுக்கு முகூர்த்த நாட்கள் வந்துவிட்டன. ஒரு நாள் ரெங்கராஜ் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டான். "எனக்கு எதையும் முடிக்கிற ராசி இல்லடி. ஆரம்பிக்கிறதோட சரி. ஊரு சொல்றது சரிதான்." வேறு நாளாக இருந்தால் பிரகதாம்பாள் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாள். அன்றைக்கு அவன் தலையைத் தன் வயிற்றோடு கொஞ்ச நேரம் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

மழை விட்டது. கார்த்திகை, மார்கழி என்று விட்டுவிட்டு எடுத்து, பொங்கல் கழிந்த இரண்டாவது செவ்வாயன்று கடைசிக் காட்சிக்கு வந்துசேர்ந்தார்கள். நாள் முழுக்க நின்ற பெண் பின்வாசல் படியில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்க்க வேண்டும். படமே அதற்காகத்தான். பிரகதாம்பாள் அவிழ்த்தாள். பொழுது சாய்கிற வெளிச்சத்தில் முடி சரிந்து விழுந்தது. "ஓகே மாப்ள, அருமை!" என்றான் முத்துராஜ். ரெங்கராஜ் ஓடிப்போய் மைக்கை எடுத்து, "படம் முடிஞ்சுருச்சு!" என்று தெருவுக்கே அறிவித்தான். சத்யா கேசரி கிண்டினாள்.

அடுத்த செவ்வாய் காலையில் பிரகதாம்பாள், "கோயிலுக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பினாள். எந்தக் கோயில், என்ன என்று ரெங்கராஜ் கேட்கவில்லை. அவள் போன பிறகுதான் முத்துராஜ் போன் பண்ணி, "மாப்ள, கொஞ்சம் வாயேன்" என்றான். குரலே சரியில்லை. போய்ப் பார்த்தால், கேமராவின் சின்னத் திரையில் நன்றாகத் தெரிந்த கடைசிக் காட்சி கம்ப்யூட்டரில் போட்டதும் மங்கிக் கிடந்தது. பின்னால் இருந்த சுவர் செங்கல் செங்கலாகத் தெளிவாக இருந்தது. பிரகதாம்பாள்தான் பனிக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தாள். "கல்யாணத்துல பின்னாடி மேடை தெளிவா இருக்கான்னு பாத்தே பழகிட்டேன் மாப்ள" என்று முத்துராஜ் அழாத குறையாகச் சொன்னான்.

ரெங்கராஜ் கலங்கவில்லை. ஒரே ஒரு காட்சி. நடிகையும் வீட்டு ஆள்தான். இன்றைக்கும் செவ்வாய்தான், பொழுது சாயும்போது எடுத்துவிடலாம். முத்துராஜையும் கேமராவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, பின்வாசலில் எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

பிரகதாம்பாள் வந்தாள். நார்த்தாமலை மாரியம்மன் கோயில் குங்குமம் நெற்றியில் இருந்தது. தலையில் முடி இல்லை. மழுங்கச் சிரைத்து, சந்தனம் பூசியிருந்தது.

முத்துராஜ் கையிலிருந்த ஸ்டாண்டைக் கீழே போட்டான். சத்யா, "அம்மா!" என்று கத்தினாள்.

"என்னடி இது?" என்றான் ரெங்கராஜ்.

"வேண்டுதலுங்க. படம் நல்லபடியா முடிஞ்சா முடி குடுக்குறேன்னு ஆத்தாகிட்டச் சொல்லியிருந்தேன். முடிஞ்சுருச்சுல்ல? அதான் போயிட்டு வந்தேன். வேண்டிக்கிட்டுத் தள்ளிப் போடக் கூடாது." சிரித்தபடியே தலையைத் தடவிக்கொண்டாள். "நல்லாருக்கா?"

"யாரக் கேட்டுப் போன? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன? அந்தக் கடைசிக் காட்சி மங்கிப்போச்சுடி! இன்னைக்குத் திரும்ப எடுக்கணும்னு வந்து நிக்கிறோம். இந்த முடி வளர்ற வரைக்கும் தை மாசம் நிக்குமா?"

"வேண்டுதலச் செலுத்துறதுக்கு முன்னாடி யாராச்சும் வெளிய சொல்லுவாங்களா?" என்று அவளும் பதிலுக்குக் கேட்டாள். நியாயம்தானே? யார் சொல்வார்கள்?  அதற்குள் அவன் சொன்னது அவளுக்கு உறைத்துவிட்டது. முகம் செத்துப்போனது. "அப்பன்னா… படம் முடியலையா? முடிஞ்சுருச்சுன்னு ஆத்தாகிட்டச் சொல்லிட்டு வந்தேனே!"

ரெங்கராஜ் தலையைத் தொங்கப்போட்டான். "சரி, விடு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

இந்த வார்த்தையை அவள் குவைத்துக்குக் கேட்டாள், மாடிக்குக் கேட்டாள். இரண்டு தடவையும் விட்டுக்கொடுத்தவள் அன்று விட்டுக்கொடுக்கவில்லை. "விட மாட்டேன். நான் ஆத்தாகிட்டப் பொய் சொன்னவளா இருக்க மாட்டேன். எறக்குனது என் முடி. நீங்க முடிச்சே ஆகணும்" என்றாள். ரெங்கராஜுக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. மொட்டைத் தலையோடு கோபப்படுகிற பெண்ணை அவன் அதுவரை பார்த்ததில்லை.

தேதி முடிய ஒரே ஒரு செவ்வாய்தான் பாக்கி. நாடகக்காரர்களிடமிருந்து முனிவர் வேஷத்து டோப்பா ஒன்று வாங்கி வந்து மாட்டிப் பார்த்தார்கள். பிரகதாம்பாள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "சாபம் குடுக்கட்டுமா?" என்றாள். அத்தனை கவலையிலும் நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது சரிப்படவில்லை.

பிறகு சத்யாதான் யோசனை சொன்னாள். அவளுக்கும் அம்மா மாதிரி நீள முடி. முதுகுப் பக்கமிருந்து எடுத்தால் யாருக்குத் தெரியும்? பெரிய படத்திலேயே டூப் போடுகிறார்கள். நல்ல யோசனை. சத்யா அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள், கொண்டையை அவிழ்த்தாள். முத்துராஜ் இந்தத் தடவை கண்ணைக் கேமராவிலேயே ஒட்டவைத்துக்கொண்டு எடுத்தான். துல்லியமாக வந்தது. போட்டுப் பார்த்தார்கள். ஒரு குறையும் சொல்ல முடியாது.

ரெங்கராஜ் மட்டும் உதட்டைப் பிதுக்கினான். "இது வேணாம்."

"ஏம்ப்பா?"

"நீ பொசுக்குன்னு உட்கார்றடா. ஒங்கம்மா அப்படி உட்கார மாட்டா. அவ உட்கார்றப்ப, உட்காரப் போறோம்னு முட்டி ரெண்டும் நம்பாது. படியைக் கையால தொட்டுப் பாத்துட்டுத்தான் உட்காருவா." எத்தனையோ நாள் காதில் பஞ்சோடு பார்த்ததில் அவன் கற்றுக்கொண்டது அதுதான். ஆனால் அதை வைத்து இப்போது என்ன செய்வது? தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

அவர்கள் மூவரும் பேசிக்கொண்டிருந்தபோது, இனி தனக்கு வேலை இல்லை என்று நினைத்த பிரகதாம்பாள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். படியைத் தொட்டுப் பார்த்தாள், உட்கார்ந்தாள். ரெங்கராஜ் முத்துராஜின் தோளை அழுத்தினான். அவன் புரிந்துகொண்டு சத்தமில்லாமல் கேமராவைத் திருப்பினான். பிரகதாம்பாள் பெருமூச்சு விட்டாள். பழக்க தோஷத்தில் கை பின்கழுத்துக்குப் போனது, கொண்டையை அவிழ்க்க. அங்கே ஒன்றுமில்லை. கை கொஞ்ச நேரம் வெறுந்தலையில் அப்படியே நின்றது. பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தனியாகச் சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எடுத்துட்டியா?" என்று ரெங்கராஜ் மெல்லக் கேட்டான். முத்துராஜ் தலையாட்டினான்.

சத்யாவுக்குத்தான் சமாதானம் ஆகவில்லை. "அப்பா, படம் பூரா முடியோட வர்றவங்க கடைசில திடீர்னு மொட்டையா உட்கார்ந்திருந்தா, ஏன்னு கேக்க மாட்டாங்களா?"

"நம்ம ஊர்ல மொட்டை போட்ட பொம்பளயப் பாத்து ஏன்னு கேப்பாங்களா? என்ன வேண்டுதல்னுதான் கேப்பாங்க. கேக்கட்டும்" என்றான் ரெங்கராஜ். நடுவில் கொஞ்ச நேரம் திரையைக் கறுப்பாக விட்டு, கோயில் மணிச் சத்தத்தை மட்டும் வைத்தான். சத்தம் விஷயத்தில் அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கடைசித் தேதியன்று சாயங்காலம் சத்யாவின் போனிலிருந்து படம் போனது. போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்ததும் ரெங்கராஜ் அடுப்படி வாசலில் போய் நின்றான். மைக் எடுக்கவில்லை. மெல்ல, "பிரகதா, முடிச்சுட்டேன்" என்றான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ம்" என்றாள். பிறகு குழம்பு கொதிப்பதையும் விட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போய், ரொம்ப நேரம் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மாசி மாதம் திருச்சியில் படங்களைப் போட்டார்கள். ரெங்கராஜ் படம் போட்டபோது அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை. பிரகதாம்பாள் திரையில் உட்கார்ந்ததும் யாரோ ஒருவர் "அப்பாடா" என்றது நன்றாகக் கேட்டது. கைதட்டினார்கள். ஆனால் பரிசு வாங்கியவர்கள் வேறு மூன்று பேர்.

வெளியே வரும்போது ரெங்கராஜ் அவள் முகத்தைப் பார்க்கவே கூசினான். அரை அங்குலம் வளர்ந்திருந்த முடி, முக்காட்டுக்கு வெளியே குத்திட்டு நின்றது. "ஒன் முடிதான் வீணாப் போச்சு பிரகதா" என்றான். அவள் பதில் சொல்வதற்குள், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, நீங்கதான் நடிச்சதா? நெசமாவே மொட்டை போட்டீங்களா? என்ன வேண்டுதலுக்கா? பிள்ளைக்கா?"

"பிள்ளைக்கு இல்லம்மா. இந்தா நிக்கிறாரே, இவருக்கு. எதையும் முடிக்கிற ராசி இல்லன்னு ஒரு நாளு அழுதாரு. எனக்கு நெஞ்சு தாங்கல. பரிசு வேணாம் ஆத்தா, பேரு வேணாம், முடிச்சுட்டேன்னு இவரு வாயால ஒரே ஒரு தடவை சொல்லி நான் கேக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

"கேட்டீங்களாக்கா?"

"கேட்டேன்ம்மா. காதாரக் கேட்டேன்."

ரெங்கராஜ் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிரகதாம்பாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.